மணிக்கு எத்தனை மொழி தெரியும்?

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் மணி என்று ஒரு நாய் இருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி அதனிடம் ‘உட்காரு’ என்பார். பேரன் ‘சிட்’ என்பான். வேலைக்கு வரும் மராத்திக்கார அம்மாள் ‘பஸ்’ என்பார். மராத்தியில் அதற்கு உட்கார் என்று பொருள். காலையில் நடக்கக் கூட்டிப்போகும் பையனுக்கு இந்தி. அவன் ‘பஸ்’ என்றால் ‘போதும், நிறுத்து’. உட்காரச் சொல்ல அவனுக்கு ‘பைட்’. மணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கும். சொன்ன பேச்சைக் கேட்காத திமிர் பிடித்த நாய் என்று வீட்டில் அதற்குப் பெயர்.

மும்பைத் தமிழ் வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. நாய் பல சொற்களைக் கற்றுக்கொள்ளும். ஆனால் ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருந்தால் அது என்ன செய்யும்? ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று வீட்டார் கூடி முடிவுசெய்து, ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். எந்த மொழியானாலும் சரி. கூடவே ஒரு கைச்சைகையும் இருக்கட்டும். பெரும்பாலான நாய்கள் சொல்லைவிடச் சைகையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ‘உட்காரு, உட்காரு, உட்காருடா’ என்று அடுக்குவதும் வேண்டாம். மூன்றாவது முறை உட்கார்ந்தால் போதும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

பெயர் வேறு ஒரு சங்கடம். அந்த வீட்டுத் தாத்தா நாளொன்றுக்கு இருபது முறை ‘மணி என்ன?’ என்று கேட்பவர். தொடக்கத்தில் மணி ஒவ்வொரு முறையும் ஓடிவந்தது. ஓடிவந்தும் ஒன்றும் கிடைக்காததால், இப்போது யார் கூப்பிட்டாலும் காதை மட்டும் அசைக்கிறது. ‘வா’ என்ற சொல்லையும் இப்படித்தான் பாழாக்குகிறோம். வா என்று கூப்பிட்டுக் குளியலறைக்குள் தள்ளினால், அடுத்த முறை அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் நாம்தான் எழுந்து போய் அழைத்துவர வேண்டும்.

ஊரிலிருந்து ராஜபாளையம் குட்டியைக் கொண்டுவருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வெள்ளை இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. குட்டி தூங்கும்போது சற்றுத் தள்ளி நின்று கையைத் தட்டிப் பாருங்கள். காது கேட்காத குட்டியை அடம்பிடிக்கிறது என்று அடித்த வீடு எனக்குத் தெரியும்.

இனி உறுமல். நான் மிகவும் அஞ்சும் தவறு இதில்தான் இருக்கிறது. நாய் சாப்பிடும்போது குழந்தை கையை நீட்டுகிறது, நாய் உறுமுகிறது, அப்பா ஓடிவந்து நாயை ஒன்று வைக்கிறார். இப்படி நாலைந்து முறை நடந்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும். அதற்குப் பிடிக்காதது அப்படியே இருக்கும். எச்சரிக்கை மட்டும் போய்விடும். ஒருநாள் நேராகக் கடிக்கும். ‘ஒன்றுமே செய்யவில்லை, திடீரென்று கடித்துவிட்டது’ என்று மருத்துவமனையில் சொல்வார்கள். உண்மையில் அது பல நாள் சொல்லிப் பார்த்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும், உடம்பு விறைக்கும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும். உறுமல் இத்தனைக்கும் பிறகுதான் வருகிறது. நாய் உறுமினால் குழந்தையை விலக்குங்கள், நாயை அதன் போக்கில் விடுங்கள். குழந்தை அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் படங்களை அனுப்புகிறார்களே, அவற்றில் குழந்தையின் சிரிப்பை விட்டுவிட்டு நாயின் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

வாலாட்டுவதை நம்பிக் கையை நீட்டுவதும் ஆபத்து. உடம்பு முழுதும் நெளிய, தளர்வாக ஆடும் வால் வேறு. உடம்பு விறைத்திருக்க, உயரத் தூக்கிய வால் படபடவென்று ஆடுவது வேறு. இரண்டாவதைக் கண்டால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

‘செய்த தப்பு அதற்குத் தெரியும், முகத்தைப் பாருங்கள்’ என்பார்கள், செருப்பைக் கடித்து இரண்டு மணி நேரம் கழித்து. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்து வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொன்ன தின்பண்டத்தைத் தின்ற நாய், தின்னாத நாய் இரண்டையும் உரிமையாளர்கள் திட்டினார்கள். குற்றமுள்ள முகம் திட்டு வாங்கியதால் வந்தது, தின்றதால் அல்ல. ஆகவே கையும் களவுமாகப் பிடித்தால் ஒழிய திட்டுவதில் பயனில்லை. பாராட்டுக்கும் இதே கணக்குத்தான்: ஓரிரு நொடிக்குள் கொடுக்க வேண்டும்.

தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைக் கதவுக்குள் பூட்டிவைப்பது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. உலகத்தோடு பழகக் குட்டிக்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ மூன்றிலிருந்து பதினான்கு வாரம்தான். குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற தொற்றுநோய்க்குப் பயந்து தெருவில் இறக்காமல் இருப்பது சரி. ஆனால் தூக்கிக்கொண்டு போகலாமே! ரயில் சத்தம், ஆட்டோ, குடைபிடித்த மனிதர், கணபதி ஊர்வலத்துக்கு ஒத்திகை பார்க்கும் டோல் மேளம் எல்லாவற்றையும் அது தூரத்திலிருந்தாவது கேட்கட்டும், பார்க்கட்டும்.

சாப்பாட்டில் நம் வீட்டுத் தவறுகள் தனி. தயிர்சாதம் விஷமல்ல, அதை மட்டுமே போட்டு வளர்த்தால் புரதம் போதாது. சைவ வீடு என்றால் மருத்துவரிடம் கேட்டு உணவைத் திட்டமிடுங்கள், ஊகித்துச் செய்யாதீர்கள். சாம்பார் சாதம் கூடவே கூடாது: வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. பாயசத்தில் மிதக்கும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் வேகவைத்த கோழி எலும்பும் எல்லோருக்கும் தெரிந்தவை; தெரிந்தும் கொடுக்கிறோம்.

மழைக்காலத்தில் மும்பையில் கவனிக்க வேண்டியது கால்கள். நடந்து வந்ததும் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தாவிட்டால் பூஞ்சை வரும். உண்ணியைக் கண்டால் மண்ணெண்ணெய் ஊற்றுவது பழைய வைத்தியம், வேண்டாம். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் பரவும், அதற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இருக்கிறது. நாய் சோர்ந்து, சாப்பிடாமல், வாந்தி எடுத்து, கண் மஞ்சளித்தால் நம் காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் இப்யூபுரோஃபெனும் நாய்க்கு நஞ்சாகலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதன் சிறுநீரைத் துடைக்க நேர்ந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்த நோய் நமக்கும் தொற்றும்.