ஒரே ஒரு 'டக்', அப்புறம் அமைதி: பழைய லாரியின் ஸ்டார்ட்டர்

சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்'. இன்ஜின் அசையவில்லை. இப்படி ஆனால் பலரும் முதலில் பேட்டரியைத்தான் மாற்றுவார்கள். ஆனால் மீட்டரில் பேட்டரி 25.4 வோல்ட் காட்டியது (24 வோல்ட் லாரிக்கு இது சரி), சாவியைப் பிடித்திருந்தபோதும் அது அவ்வளவாக இறங்கவில்லை. அப்படியானால் இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் கரண்டையே இழுக்கவில்லை. சாலினாய்டை (மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) தாண்டி மோட்டார் முனைவரை வோல்ட் வந்தது, எர்த் கேபிளும் சரி. சுத்தியல் பிடியால் மோட்டார் உடம்பில் லேசாகத் தட்டச் சுற்றியது. கோளாறு, சுழலும் பகுதியைத் தொட்டுக் கரண்டைக் கொடுக்கும் கார்பன் பிரஷ்தான்!

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மோட்டாரை இறக்கினேன் (நல்ல கனம், ஆள் துணை வேண்டும்). பிரஷ்கள் தேய்ந்து, ஸ்பிரிங்கின் அழுத்தம் எட்டவில்லை. புதிய பிரஷ்கள் போட்டு, கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்புப் பட்டை உருளை) மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, பட்டைகளின் இடுக்கிலிருந்த கரித்தூளையும் சுரண்டினேன். எமரித் தாள் வேண்டாம். அதன் துகள் கரண்டைக் கடத்தும். மோட்டார் கையில் இருக்கும்போதே அச்சைத் தாங்கும் புஷ்ஷையும் மாற்றிவிட்டேன்.