அரூப ஓவியத்தில் அவசரம் செய்யும் கெடுதல்கள்

கீறத் தெரியாதவர்கள்தான் அரூப ஓவியத்துக்கு, அதாவது உருவத்தை அப்படியே காட்டாமல் கோட்டாலும் நிறத்தாலும் மட்டும் போடும் ஓவியத்துக்கு, போவார்கள் என்று மட்டக்களப்பில் இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். அதைவிட எனக்குக் கவலை, நல்ல கையுள்ள பிள்ளைகள்கூட "இனி அரூபம்தான்" என்று முடிவெடுத்த அடுத்த நாளே பார்த்துக் கீறுவதை விட்டுவிடுவது. இதைவிடப் பெரிய பிழை இந்தத் துறையில் இல்லை.

ஒல்லாந்து ஓவியர் மொன்ட்ரியானின் சிவப்பு, நீல, மஞ்சள் கட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மனுசன் அங்கே போய்ச் சேருமுன் வருசக்கணக்கில் மரங்களையே கீறினார். 1908ஐ ஒட்டித் தொடங்கிய சிவப்பு மரம், 1911இல் சாம்பல் மரமாகும்போது கிளையெல்லாம் வெறும் வளைகோடு. அப்புறம் ஒல்லாந்தின் டொம்பேர்க் கடற்கரையில் கடலைப் பார்த்துப் பார்த்து, 1915இல் அது சின்னச் சின்னக் குறுக்குக்கோடுகளாகிவிட்டது. நமக்கு டொம்பேர்க் வேண்டாம். வடமோடிக் கூத்து நடக்கிற இரவில் வட்டக்களரிக்கு, அந்த வட்ட ஆடுகளத்துக்கு, பக்கத்தில் கொப்பியோடு இருங்கள், கிரீடத்தையும் உடுப்பையும் விட்டுவிட்டு ஆட்டக்காரரின் கால் போகிற பாதையை மட்டும் கோடாகப் போடுங்கள். எந்தக் கோடு தாளத்தைப் பிடித்திருக்கிறது, எது சும்மா சுற்றியிருக்கிறது என்று மறுநாள் பிரித்தெடுக்கும்போதுதான் அரூப வேலையே தொடங்குகிறது.

எப்போது நிறுத்துவது என்பது அடுத்த சிக்கல். நம்முடைய வெயிலில் அக்ரிலிக் வர்ணம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், காய்ந்ததும் கை சும்மா இருக்காது, இன்னொரு பூச்சு, அதற்கு மேல் இன்னொன்று என்று போய்க் கடைசியில் எல்லா நிறமும் சேர்ந்து ஒரே சேறு. ஒரு கிழமை கன்வஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். பிறகு தலைகீழாக நிறுத்திப் பாருங்கள், போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். எந்த மூலை வெறுமையாகக் கிடக்கிறது, எங்கே எல்லாம் ஒரே அடர்த்தியாக இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். நாக்பூரில் பிறந்த இந்திய அரூப ஓவியர் கைத்தொண்டே ரோலராலும் கத்தியாலும் நிறத்தை ஏற்றி, வழித்து, மறுபடி ஏற்றி வேலை செய்தவர். வருசத்துக்குச் சில படங்கள்தான் முடிப்பார், மீதி நேரமெல்லாம் யோசனை. அவர் 2001இல் காலமானார், 2014இல் நியூயோர்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. மாதத்துக்குப் பத்துப் படம் போட்டாக வேண்டும் என்று உங்களை யாரும் கேட்கவில்லையே.

பொருட்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். மலிவான சிவப்பும் ஊதாவும் வெளிச்சத்தில் வெளிறும். நல்ல டியூப்களில் வெளிச்சத்தைத் தாங்கும் தரம் போட்டிருப்பார்கள், அதை வாசிக்காமல் வாங்காதீர்கள். பெயர்பெற்ற அமெரிக்க அரூப ஓவியர் ரொத்கோவுக்கே இது நடந்தது. 1964இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு சாப்பாட்டு மண்டபத்தில் மாட்டிய அவருடைய பெரிய படங்களில் லித்தோல் சிவப்பு என்ற வெளிறக்கூடிய நிறம் இருந்தது, பெரிய ஜன்னல்கள் வழியே வந்த வெயிலில் நிறம் போய், 1979இல் கழற்றி இருட்டறையில் வைக்க வேண்டியதாயிற்று. எண்ணெய் வர்ணத்துக்கு மேல் அக்ரிலிக் பூசாதீர்கள், உரிந்து வரும். மாரிகாலத்தில் கன்வஸை ஈரச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக இடம் வேண்டும். கச்சான் காற்றடிக்கிற வெக்கையிலோ அக்ரிலிக் இளகும், இரண்டு படத்தை முகத்தோடு முகம் சாய்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது இரண்டுமே போச்சு.

"உன் ஸ்டைல் என்ன?" என்று கேட்பவர்களுக்காக இருபத்தைந்து வயதிலேயே ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் போடுவதும் ஆபத்து. சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் பிறந்தவர். அவருடைய பேர் சொல்லும் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை தொடங்கியது 1963இல். அதற்கு முன் போட்ட படங்கள் எல்லாம் வேறு மாதிரி. இன்னொன்று, நீலம் பூசிய எல்லாவற்றுக்கும் மட்டக்களப்பு வாவியின் 'பாடும் மீன்' என்று பேர் வைப்பது. வாவியை உண்மையாகவே பார்த்துப் போட்டதென்றால் வையுங்கள், ஊர்க்காரர் என்று காட்டுவதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

விற்பனைக்கு வந்தால், 1993இல் தொடங்கிய கொழும்புக் கலா பொல ஓவியச் சந்தை மாதிரி இடங்களுக்குப் போகுமுன் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பேர், ஆண்டு, அளவு, என்ன வர்ணம் என்று எழுதி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். விற்றபின் அது உங்கள் கையில் இருக்காது. விலையை அளவை வைத்துத் தீர்மானியுங்கள், ஊரில் ஒன்று கொழும்பில் ஒன்று என்று சொல்லாதீர்கள், முதலில் வாங்கியவருக்குத் தெரியவந்தால் அவர் உங்களிடம் மறுபடி வாங்கமாட்டார். ஓவியம் விற்கும் கலரிக்குக் கொடுத்தால் எத்தனை வீதம் அவர்களுக்கு, எப்போது காசு வரும், விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு படத்தைக் கொடுங்கள். தெரிந்த அண்ணாவாக இருந்தாலும் சரி.