புதிய அறிவியல், கணித நூல்கள்: எந்தப் பரிந்துரையை நம்பலாம்?

புதிதாக வந்த நூலின் பெயரைத் தேடுபொறியில் போட்டால் மேலே வருவதெல்லாம் விற்பனைப் பக்கங்கள். அங்கே மதிப்புரை போலத் தெரிவது பெரும்பாலும் பதிப்பகம் எழுதிக் கொடுத்த அறிமுகக் குறிப்புதான். அதையே பத்துத் தளங்கள் எடுத்துப் போடும்போது, பத்துப் பேர் பாராட்டிவிட்டது போன்ற மயக்கம் வந்துவிடுகிறது. யார் சொன்னது, அவர் முழுசாகப் படித்தாரா, அவருடைய துறை எது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காத பரிந்துரையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

படி 1: உங்கள் நிலையை ஒரே வரியில் எழுதுங்கள்

"நல்ல கணித நூல் வேண்டும்" என்று தேடினால் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்காது. "நேரியல் இயற்கணிதம் ஒரு பருவம் படித்தாயிற்று, நிரூபணம் எழுதிப் பழக்கமில்லை, எண் கோட்பாட்டுக்குள் நுழைய வேண்டும்" என்பது தேடக்கூடிய வரி. கணித நூலுக்கு இந்தப் படியைத் தவிர்க்கவே முடியாது. பொது வாசகருக்கான அறிவியல் நூல் என்றால் துறையின் பெயர் போதும்.

படி 2: கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்

பின்னட்டைப் பாராட்டு வரிகள் பதிப்பகம் கேட்டு வாங்கியவை, அவற்றை விடுங்கள். "புதிய வெளியீடுகளில் முதலிடம்" என்ற பட்டை ஏதோ ஒரு குட்டி உட்பிரிவுக்குள் கிடைத்த இடம், அதையும் விடுங்கள். வாசகர்கள் மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளத்தின் நட்சத்திரங்களை, நூல் வந்த முதல் மாதத்தில் பார்க்கவே வேண்டாம். அப்போது எழுதுகிறவர்களில் பலர் நெட்கேலி போன்ற தளங்களில் முன்பிரதியை இலவசமாகப் பெற்றவர்கள். அது தவறில்லை, பெரும்பாலோர் அதை ஒளிப்பதும் இல்லை. ஆனால் உயிரியல் நூலில் உயிரியல் சரியா என்று சொல்லக்கூடியவர் அந்தக் கூட்டத்தில் அரிது.

நூல் மதிப்புரை இதழான கிர்க்கஸின் மதிப்புரை என்று கண்டால் அது எந்தப் பிரிவில் வந்தது என்று பாருங்கள். வழக்கமான பிரிவு வேறு, ஆசிரியரே கட்டணம் கட்டி எழுதிவாங்கும் "இண்டி" பிரிவு வேறு.

படி 3: எங்கே தேடுவது

பொது அறிவியலுக்கு நேச்சர், சயன்ஸ் ஆகிய இதழ்கள் இரண்டின் நூல் பகுதிகளும் முதல் தெரிவு. இயற்பியல் என்றால் ஃபிசிக்ஸ் டுடே. இவற்றில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் துறைக்காரர்கள். நாளிதழ் மதிப்புரை நடையைப் பற்றிச் சொல்லும், உள்ளே இருக்கும் அறிவியலைப் பற்றி அதிகம் சொல்லாது.

விருதுகளில் ராயல் சொசைட்டி அறிவியல் நூல் பரிசு (1988 முதல்) கவனிக்கத் தக்கது. வென்ற நூலைவிட ஆறு நூல்கள் கொண்ட குறும்பட்டியல்தான் பயன். வெற்றியாளரைத் தீர்மானிப்பது நடுவர்களின் ரசனை, ஆனால் ஆறுக்குள் வரவே ஒரு தரம் வேண்டும். கணிதத்தில் பொது வாசகருக்கான நூல்களுக்கு எம்ஏஏ (மேத்தமேட்டிக்கல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா) 2007 முதல் ஆய்லர் நூல் பரிசு தருகிறது. பழைய பட்டியல்களையும் புரட்டுங்கள்.

கணிதப் பாடநூல்களுக்கு எம்ஏஏ ரிவ்யூஸ். இளங்கலை நூலகங்கள் வாங்க வேண்டியவை என்று அவர்கள் வைத்திருக்கும் அடிப்படை நூலகப் பட்டியலில், மூன்று நட்சத்திரம் என்றால் கட்டாயம் இருக்க வேண்டியது. ஏஎம்எஸ் (அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் சொசைட்டி) என்ற இன்னொரு சங்கம் வெளியிடும் நோட்டிசஸ், புல்லட்டின் என்ற இதழ்கள் இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். புல்லட்டின் மதிப்புரைகள் நீளமானவை. நூலைத் தொடுமுன் அந்தத் துறைக்கே ஒரு அறிமுகம் கிடைத்துவிடும், ஆனால் தொடக்கநிலையில் இருப்பவருக்குக் கொஞ்சம் கனம்.

படி 4: ஸெட்பி மேத் ஓப்பன் (பலர் தடுக்கி விழும் இடம்)

1931இல் தொடங்கிய ஸென்ட்ரல்பிளாட் என்ற கணித மதிப்புரை இதழின் இன்றைய இணைய வடிவம் இது. 2021 முதல் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். முகப்பில் உள்ள தேடல் பெட்டியில் "எண் கோட்பாடு" என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டால் ஆயிரக்கணக்கில் ஆய்வுக்கட்டுரைகள் வந்து கொட்டும். பலர் அத்தோடு மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அதற்குப் பதிலாக விரிவான தேடலைத் திறந்து, ஆவண வகையில் நூல்களை மட்டும் டிக் செய்யுங்கள். ஆண்டுப் பெட்டியில் கடைசி மூன்று ஆண்டுகள். வகைப்பாட்டுப் பெட்டியில் இரண்டு இலக்க எண்: 01 கணித வரலாறு, 05 சேர்வியல், 11 எண் கோட்பாடு, 15 நேரியல் இயற்கணிதம், 60 நிகழ்தகவு, 97 கணிதக் கல்வி. பட்டியல் கைக்கு அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிடும். கருத்தரங்குத் தொகுப்புகளும் இடையில் தலைகாட்டும். பெயருக்குப் பக்கத்தில் தொகுப்பாசிரியர் என்ற குறி இருந்தால் தாண்டிப் போங்கள்.

இனிதான் முக்கியமானது. உள்ளே இருக்கும் பத்தி எல்லாமே மதிப்புரை அல்ல. சிலவற்றின் தொடக்கத்தில் "பதிப்பகத்தின் விவரணையிலிருந்து" அல்லது "முன்னுரையிலிருந்து" என்று சின்னதாக எழுதியிருக்கும். அது விளம்பரம், அல்லது ஆசிரியர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது. உண்மையான மதிப்புரையில் மதிப்புரையாளர் பெயரும் அடைப்புக்குறிக்குள் ஊரும் இருக்கும். கண் முதலில் அந்தப் பெயரைத் தேடட்டும், பத்தியை அப்புறம் படிக்கலாம். பெயர் இல்லையென்றால் நூல் இன்னும் மதிப்பிடப்படவில்லை என்று குறித்துக்கொண்டு நகருங்கள். கணித நூல்களுக்கு மதிப்புரை வர ஓராண்டுகூட ஆகலாம்.

படி 5: மதிப்புரையைப் படிக்கும் முறை

குறை சொல்லும் வாக்கியத்தைத் தேடுங்கள். "நான்காம் அத்தியாயத்தில் பயிற்சிக் கணக்குகள் போதாது" என்று ஒருவர் எழுதினால் அவர் நான்காம் அத்தியாயம் வரை போயிருக்கிறார். பொருளடக்கத்தை வாக்கியமாக மாற்றி எழுதிவிட்டு "அனைவரும் படிக்க வேண்டிய நூல்" என்று முடித்தால், அவர் புரட்டிப் பார்த்ததோடு சரி.

"கணித முதிர்ச்சி மட்டும் போதும்" என்ற வரியைக் கண்டு மகிழ வேண்டாம். நிரூபணம் எழுதிப் பழகியவருக்குத்தான் நூல் என்று அதற்குப் பொருள்.

படி 6: இருபது நிமிடம் நீங்களே சோதியுங்கள்

ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் தளத்தில் நூலின் முன்பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கும். முன்னுரையில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்வதைப் படி 1இல் எழுதிய வரியோடு ஒப்பிடுங்கள். மாதிரி அத்தியாயம் கிடைத்தால் முதல் மூன்று பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். மூன்றும் சட்டென்று வந்தாலும் சரி, ஒன்றுகூட அசையாவிட்டாலும் சரி, அது உங்களுக்கான நூல் அல்ல.

பிறகு ஆசிரியரின் பக்கத்தில் பிழைதிருத்தப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். கணிதவியலாளர் டெரன்ஸ் டாவ் தம் நூல்களுக்கான திருத்தங்களைத் தம் வலைப்பதிவில் சேர்த்துக்கொண்டே வருகிறார். நீளமான பட்டியலைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது நல்ல அறிகுறி: யாரோ வரிவரியாகப் படித்திருக்கிறார்கள்.

பொது அறிவியல் நூலில் சோதனை வேறு. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தலைப்பைச் சொல்லடைவில் பிடித்து அந்தப் பக்கங்களை மட்டும் படியுங்கள். அங்கே சறுக்கியவர் உங்களுக்குத் தெரியாத இடத்திலும் சறுக்கியிருப்பார். அடுத்து, நூலின் கடைசியில் உள்ள குறிப்புகள் மூல ஆய்வுக்கட்டுரைக்குப் போகின்றனவா, செய்திக் கட்டுரைக்கா என்று பாருங்கள்.

உளவியல் நூல் என்றால் இன்னும் கவனம் தேவை. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, அவற்றில் 36 சதவீத முயற்சிகளில்தான் புள்ளியியல் முறையில் பொருட்படுத்தத்தக்க முடிவு கிடைத்தது. அதன் பிறகு வந்த நூல், மறுசோதனை பற்றி மூச்சே விடாமல் பழைய ஆய்வுகளை அடுக்கினால் வைத்துவிடுங்கள். நூலின் வாதத்தையே தாங்கி நிற்கும் ஆய்வு ஏதேனும் இருந்தால், அதன் பெயரை, திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக்கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் போட்டுப் பாருங்கள். 2023இல் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பு அதை வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது.

பிற்சேர்க்கை: ஆண்டு குழப்பம்

"2024 நூல் என்று வாங்கினேன், உள்ளே எல்லாம் பழசு" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். மறுபதிப்புகளுக்கும் மென்னட்டைப் பதிப்புகளுக்கும் விற்பனைத் தளம் புதுத் தேதி போட்டுவிடும். பதிப்புரிமைப் பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டைப் பாருங்கள். ஒரே நூல் இரு நாடுகளில் இரு தலைப்புகளில் வருவதும் உண்டு. ஆசிரியரின் சொந்தப் பக்கத்தில் அது தெளிவாகும்.

பிற்சேர்க்கை: ஏஐயிடம் கேட்கலாமா?

கேளுங்கள், ஆனால் வருகிற ஒவ்வொரு தலைப்பையும் பதிப்பகத்தின் தளத்திலோ வேர்ல்ட்கேட் என்ற நூலகப் பட்டியலிலோ சரிபாருங்கள். 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் வந்த, ஏஐ உதவியோடு எழுதப்பட்ட கோடை வாசிப்புப் பட்டியலில் 15 தலைப்புகளில் 10 நூல்கள் உலகத்திலேயே இல்லை. எழுத்தாளர் பெயர்கள் மட்டும் நிஜம். அதனால் ஆசிரியர் உண்மையான ஆள்தான் என்பதோடு நிறுத்தாமல், 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண் கிடைக்கிறதா, அந்த எண்ணைத் தேடினால் அதே நூல் வருகிறதா என்பதுவரை போங்கள்.