பழைய மாருதி 800-க்கு வீட்டிலேயே கூலண்ட் மாற்றுவது எப்படி?

எங்கள் மாருதி 800-ஐ அப்பா 2003-ல் வாங்கினார். பதினைந்து வருடம் முடிந்ததும் 2018-ல் ஆர்.சி. புதுப்பித்தோம், 2023-ல் இன்னொரு முறை. எஞ்சினைப் பிரித்ததே இல்லை. ரேடியேட்டரை மட்டும் ஒரு தடவை மாற்ற வேண்டி வந்தது. பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்துப் போர்த் தண்ணீரைத்தான் வருடக்கணக்கில் அதில் ஊற்றி வந்தோம். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு உள்ளே குழாய்களையும் அடைத்துவிட்டது. சிறுவாணித் தண்ணீர் கிடைக்கிறவர்களும் அதை ஊற்ற வேண்டாம். உப்பு குறைவுதான், ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து கூலண்டில்தான் இருக்கிறது.

வேலையைக் காலையில் ஆரம்பியுங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஹீட்டர் குமிழைச் சூடு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, மூடியைத் திறந்து, அடித் திருகைக் கழற்றிப் பழையதை வடித்துவிடுங்கள். கீழே அகலமான பேசின் வையுங்கள். கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். நாயோ கன்றுக்குட்டியோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. பிறகு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறியதும் வடித்துவிடுங்கள். தெளிவாக வரும்வரை இப்படியே.

கலந்தே விற்கிற கூலண்டைத்தான் நான் வாங்குவேன். கெட்டியானது என்றால் டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி. ஒழுகலை அடைக்கும் பொடியை ஊற்றாதீர்கள். அது ஹீட்டரின் சன்னக் குழாய்களையும் சேர்த்து அடைக்கும். ஓஸ் கிளிப் திருகு வைத்ததாக இருக்கட்டும்.

இனி, நான் தவறிய இடம். முதல் தடவை கழுத்துவரை ஊற்றி மூடிவிட்டேன். அடுத்த வாரம் குடும்பத்தோடு திம்பம் மலை ஏறினோம். பண்ணாரி தாண்டி ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவுக்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஒதுக்கி நிறுத்தி, ஆறவைத்துப் பார்த்தால் ரேடியேட்டர் பாதி காலி. எங்கும் ஒழுகல் இல்லை. உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறி, அந்த இடத்துக்குத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காற்று இருக்கும்போது முள்ளையும் நம்ப முடியாது. சென்சாரைத் தண்ணீர் தொடாவிட்டால் சூடு குறைவாகவே காட்டும்.

அதனால் இப்போது வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்கும்படி நிறுத்திக்கொள்கிறேன். மெதுவாக ஊற்றி, மூடாமலே ஸ்டார்ட் செய்து விட்டுவிடுகிறேன். ஆரம்பத்தில் தண்ணீர் அசையாது. எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் குபுக்கென்று குமிழ் வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். கையுறை போட்டு மேல் ஓஸை அமுக்கி அமுக்கி விட்டால் மீதிக் காற்றும் வரும். முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கட்டும். ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள்: சூடாகக் காற்று வந்தால் சரி. குளிர்ந்த காற்று என்றால் இன்னும் ஏர் லாக் இருக்கிறது, மூடாதீர்கள்.

மூடியபின் ரிசர்வ் டப்பாவில் மேல்கோடுவரை ஊற்றி, மறுநாள் காலை மட்டம் பாருங்கள். சிறிது இறங்கியிருக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த கோபிசெட்டிபாளையத்து நண்பர் ஒருவருக்கு டப்பா நிறைந்தே இருக்கிறது, ரேடியேட்டர் மட்டும் தினமும் குறைகிறது. ஆறும்போது டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்கும் சின்ன ஓஸ் விரிந்துபோய்க் காற்றை இழுத்திருக்கிறது. இருபது வருட ரப்பர் அப்படித்தான் ஆகும். அதையும் மூடியையும் கூலண்டோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். மூடி வாங்கும்போது பழைய மூடியில் உள்ள அழுத்த எண்ணும் புதியதில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்க.