அபிவிருத்தி இலக்குகள் பற்றிய இளைஞர் மாநாட்டுக்குப் போகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறை இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் (வறுமை, உணவு, காலநிலை முதலியவற்றில் 2030க்குள் எட்டுவதற்காக ஐ.நா. நாடுகள் ஏற்ற பதினேழு குறிக்கோள்கள்) பற்றிய இளைஞர் தலைமைத்துவ மாநாடு ஒன்றின் அறிவித்தல் வாட்ஸ்அப் குழுவில் வந்தவுடன், விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன் அதை நடத்துபவர் யார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சுவரொட்டியில் அந்த இலக்குகளின் சின்னமான பதினேழு நிறச் சக்கரம் இருப்பதால் மட்டும் அது ஐக்கிய நாடுகள் சபையின் நிகழ்வாகிவிடாது. இலக்குகளை மக்களிடம் கொண்டு செல்வதற்காக அந்தச் சக்கரத்தை வேறு அமைப்புகளும் பயன்படுத்தலாம். ஐ.நா. தானே கூட்டும் இளைஞர் அமர்வுகளுக்குப் பதிவுக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. தனியார் அமைப்பு ஒன்று கட்டணம் கேட்பது தன்னளவில் தவறன்று. எனினும் 'முழு நிதியுதவி' என்று தலைப்பிட்டுவிட்டு, தெரிவான பின்னர் விடுதிக்கும் சான்றிதழுக்கும் 'தூதுவர்' பட்டத்துக்கும் தனித்தனியாகப் பணம் கேட்கும் அழைப்புகளும் உலவுகின்றன. வீட்டு நகையை அடகு வைப்பதற்கு முன், விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள். முன்னர் இலங்கையிலிருந்து கலந்துகொண்ட ஒருவருடன் நேரடியாகப் பேச முடியுமா என்றும் கேளுங்கள். இவ்விரண்டுக்கும் பதில் தராத ஏற்பாட்டாளரை விட்டுவிடுவதால் இழப்பு எதுவுமில்லை.

உள்நாட்டு மாநாடுகளைப் பொறுத்தவரை, உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் இளைஞர் சேவை அதிகாரியே முதலில் விசாரிக்க வேண்டியவர். இளைஞர் கழகம் ஒன்றில் உறுப்பினராக இருந்தால் இது இன்னும் எளிது. வயதெல்லையையும் கவனியுங்கள்: ஐ.நா. புள்ளிவிபரங்களில் இளைஞர் என்போர் 15 முதல் 24 வயது வரையானோர். இலங்கையின் தேசிய இளைஞர் கொள்கையிலோ அது 15 முதல் 29 வரை. எந்த வரையறை பின்பற்றப்படுகிறது என்று தெரியாமல் விண்ணப்பித்து, 26 வயதில் நிராகரிக்கப்படுவது வீண் அலைச்சல்.

அடிப்படைத் தகவல்களை ஒரு மாலையில் படித்துவிடலாம். 2015 செப்டெம்பர் 25 அன்று ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட 2030 நிகழ்ச்சி நிரலில் 17 இலக்குகளும் அவற்றின் கீழ் 169 உபஇலக்குகளும் உள்ளன. இலங்கை 2017ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இதற்கென ஒரு பேரவையை அமைத்தது. 2018இலும் 2022இலும் தன் முன்னேற்றத்தைப் பற்றிய தன்னார்வ மீளாய்வு அறிக்கைகளை ஐ.நா.வில் சமர்ப்பித்தது. இந்த அறிக்கைகளில் கிழக்கு மாகாணம் எங்கெங்கே வருகிறது, எங்கே வர வேண்டியிருந்தும் வரவில்லை என்று குறித்துக்கொள்வது பதினேழு இலக்குகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்வதைவிடப் பல மடங்கு பயன்தரும்.

உண்மையான ஆயத்தம் இதற்குப் பிறகே தொடங்குகிறது. விண்ணப்பத்தில் "உலகை மாற்ற விரும்புகிறேன்" என்று எழுதுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் ஊரின் ஒரு பிரச்சினையை உள்ளும் புறமும் அறிந்தவர் நீங்கள் மட்டுமாக இருக்கலாம். ஆகவே ஒரு பிரச்சினையைத் தெரிவுசெய்து, அதற்குரிய இலக்கை மட்டுமன்றி உபஇலக்கையும், அது எந்தக் குறிகாட்டியால் அளக்கப்படுகிறது என்பதையும் தேடிப் பிடியுங்கள்.

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் வெட்டப்படுவதை எடுத்துக்கொள்வோம். மாரியில் வெள்ளம் ஏறும்போது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் தாழ்ந்த வயல்கள் அழுகாமலிருக்க, முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல் திட்டை விரைவில் வெட்டிவிட வேண்டும் என்பது விவசாயிகளின் கோரிக்கை. வெட்டினால் இறாலும் மீனும் நீரோடு கடலுக்குப் போய்விடுமே என்பது வாவியை நம்பி வாழும் மீனவரின் கவலை. இது வறுமை, உணவு, காலநிலை, நீர்வாழ் உயிர்கள் ஆகிய பல இலக்குகளைத் தொடுகிறது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கோ, எப்போது வெட்டுவது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே இதன் மையக் கேள்வியாகத் தோன்றுகிறது. அது 16.7 உபஇலக்கு: எல்லா மட்டங்களிலும் மக்கள் பங்குபற்றும் தீர்மானமெடுத்தல். அதன் குறிகாட்டிகளில் ஒன்று, தீர்மானங்கள் எல்லோரையும் உள்ளடக்குகின்றன என்று நம்பும் மக்களின் விகிதத்தைப் பால், வயது, மாற்றுத்திறன் முதலிய பிரிவுகளாக அளக்கச் சொல்கிறது. சிறு மீனவர் கடல்வளத்தையும் சந்தையையும் அணுகுவது பற்றிய 14.ஆ (ஆங்கிலத்தில் 14.b) உபஇலக்கோ, அவர்களின் உரிமையை அங்கீகரிக்கும் சட்ட ஏற்பாடுகள் எந்தளவு நடைமுறையில் இருக்கின்றன என்பதைக்கொண்டே அளக்கப்படுகிறது. தோணியில் வரும் மீனின் அளவு அந்தக் குறிகாட்டியில் இல்லை. இந்த இடைவெளியைச் சுட்டும் ஒரு கேள்வி, மேடையிலிருப்பவர் பொதுப்படையாகப் பேசித் தப்ப முடியாத கேள்வியாகும்.

அம்பாறைப் பக்கத்தவருக்கும் விடயங்களுக்குக் குறைவில்லை. மருதமுனைக் கைத்தறி நெசவாளருக்குக் கடனும் சந்தையும் கிடைப்பது 9.3இன் கீழ் வரும். கல்வியிலோ தொழிலிலோ பயிற்சியிலோ இல்லாத இளைஞரின் விகிதத்தைக் குறைக்கும் 8.6 உபஇலக்குக்கு விதிக்கப்பட்ட ஆண்டு 2020. அந்தக் காலக்கெடு கடந்துவிட்டது என்பதை மாநாட்டில் யாராவது நினைவூட்ட வேண்டும்.

எண்களுக்கு மாவட்டப் புள்ளிவிபரக் கையேட்டைப் பாருங்கள். கச்சேரியில் (மாவட்ட செயலகத்தில்) இருக்கும் புள்ளிவிபரக் கிளையில் கேட்கலாம். எண்களோடு நின்றுவிடாமல், மீனவர் சங்கத்திலும் கமக்கார அமைப்பிலும் ஒவ்வொருவரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். அவர்களின் பெயரையும் கதையையும் மேடையில் சொல்வதானால் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு ரயில் உண்டு. அம்பாறை மாவட்டத்துக்கு ரயில் பாதையே இல்லாததால் அக்கரைப்பற்று, கல்முனைக்காரர் இரவு பஸ்ஸையே நம்ப வேண்டும். கல்லோயா, மின்னேரியாக் காட்டுப்பகுதியில் யானைகளால் ரயில் தாமதிப்பது வழமையானதால், காலை ஒன்பது மணி அமர்வுக்கு அன்றைய விடியலில் போய் இறங்கும் திட்டம் ஆபத்தானது. பயணச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் செலவைத் திரும்பப் பெற முடியும். ஹலால் உணவு, சைவ உணவு, தொழுகைக்கான இடம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் ஆகியவற்றைப் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். பிள்ளையைத் தனியாக அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு, தங்குமிட முகவரியும் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணும் கொண்ட கடிதமொன்றை ஏற்பாட்டாளரிடம் கேட்டுப் பெற்றுக் கொடுப்பது பலன் தரும். குறிப்பாகப் பெண்பிள்ளைகள் கலந்துகொள்வது பல வீடுகளில் அந்தக் கடிதத்தில்தான் தங்கியிருக்கிறது.

மாநாட்டில் மொழி ஒரு தடையாகத் தோன்றலாம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தேசிய மாநாட்டில் உடன்மொழிபெயர்ப்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்பது உதவி கேட்பதாகாது. இல்லையென்றால், உங்கள் கேள்வியை மூன்று வசனங்களுக்குள் சுருக்கி, தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதி எடுத்துச் செல்லுங்கள். தமிழில் கேட்டுவிட்டு அந்தத் தாளை நெறியாளரிடம் கொடுக்கலாம்.

முதல்நாள் உரைகளைவிடக் குழு அமர்வுகளே முக்கியமானவை. மாநாடு முடிந்த பின் எஞ்சுவது இறுதி அறிக்கை மட்டுமே. 2014இல் கொழும்பில் நடந்த உலக இளைஞர் மாநாட்டிலிருந்து இன்றும் எடுத்துக்காட்டப்படுவது அங்கு வெளியான கொழும்புப் பிரகடனம்தான். இத்தகைய இறுதி அறிக்கைக்குக் குழுக்களின் குறிப்புகளிலிருந்தே வாசகங்கள் எடுக்கப்படுகின்றன. எனவே குழுவில் தலைவர் பதவிக்கு எல்லோரும் கைதூக்கும்போது, குறிப்பெடுப்பவராக இருக்க நீங்கள் முன்வாருங்கள். பலர் விரும்பாத வேலை அது, ஆயினும் எது அறிக்கைக்குப் போகிறது என்பது பெரும்பாலும் அந்தக் கையில்தான் இருக்கிறது. மற்றவர்களின் கருத்துகளை நேர்மையாகப் பதிவுசெய்து, உங்கள் கருத்தையும் அதே அளவில் சேருங்கள். அமர்வு முடியுமுன் குறிப்பை உரக்க வாசித்து எல்லோரின் ஒப்புதலையும் பெறுங்கள்.

திரும்பி வந்தபின் படங்களை முகநூலில் இடுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே வாரத்தில் இரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதி, இளைஞர் கழகக் கூட்டத்தில் வாசித்து, உங்களுடன் பேசிய மீனவருக்கும் விவசாயிக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். பிரதேச செயலாளருக்கு அனுப்பும் பிரதியில், இறுதி அறிக்கையின் எந்தப் பந்தி உங்கள் பிரதேசத்தோடு தொடர்புடையது என்பதைக் குறிப்பிட்டு, அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ளுமாறு கேளுங்கள். கடிதம் கிடைத்ததற்கான முத்திரையை உங்கள் பிரதியிலும் இட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.