அந்த மரபணு எல்லோருக்கும் இருக்கிறது: மரபியல் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அவருக்கு அரிவாள் செல் ரத்தசோகைக்கான மரபணு இருக்கிறது" என்று பலரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் அது. ஆனால் அந்த மரபணு உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. ஹீமோகுளோபினில் பீட்டா குளோபின் என்றொரு புரதச் சங்கிலி உண்டு. அதைச் செய்யும் மரபணுதான் இது. நோயாளியிடம் மாறியிருப்பது அதன் வடிவம். அந்த வடிவத்துக்குப் பெயர் அல்லீல். 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் 6-வது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் வர வேண்டும். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அங்கே வாலின் வந்துவிடுகிறது. நோய் முழுவதும் இந்த ஒற்றை மாற்றத்தில் தொடங்குகிறது.

டிஎன்ஏ, மரபணு, குரோமோசோம் மூன்றையும் ஒன்றாக்கிப் பேசுவது அடுத்த குழப்பம். டிஎன்ஏ என்பது நான்கு வகை வேதி 'எழுத்துகள்' கோத்த நீண்ட இழைப் பொருள். அதன் ஒரு பெரிய இழை சுருண்டு அமைந்தது குரோமோசோம். அந்த இழையில் ஒரு குறிப்பைத் தாங்கும் சிறு பகுதி மரபணு. அளவைப் பார்த்தால் தெளிந்துவிடும். மனித மரபணுத் தொகுதியின் ஒரு பிரதியில் சுமார் 300 கோடி எழுத்து இணைகள் இருக்கின்றன. அதில் 11-ஆம் குரோமோசோமுக்கு மட்டும் ஏறத்தாழ 13.5 கோடி. அந்தக் குரோமோசோமுக்குள் பீட்டா குளோபின் மரபணு பிடித்திருக்கும் இடமோ சுமார் 1,600 எழுத்துகள்தான். புரதத்துக்கான குறிப்பு நேரடியாக எழுதப்பட்டிருப்பது மொத்த டிஎன்ஏவில் 2 சதவீதத்துக்கும் குறைவு. தந்தை யார் என்று அறியும் சோதனையைச் செய்திகள் 'மரபணு சோதனை' என்கின்றன. அதில் ஒப்பிடப்படும் பகுதிகள் பெரும்பாலும் புரதக் குறிப்பு இல்லாத டிஎன்ஏவில் இருப்பவை. டிஎன்ஏ சோதனை என்று சொன்னால் போதும், பிழை வராது.

'மரபுக் குறியீடு' ஆளுக்கு ஆள் வேறு என்று எழுதுவதும் தவறு. ஆளுக்கு ஆள் மாறுவது டிஎன்ஏவின் எழுத்து வரிசை. மரபுக் குறியீடு என்பது மூன்றெழுத்துச் சொற்கள் 64-ஐயும் அவற்றின் பொருளையும் காட்டும் அட்டவணை. 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கும், 3 சொற்கள் 'நிறுத்து' என்று சொல்லும். சில சிறு விலக்குகள் தவிர எல்லா உயிர்களுக்கும் இதே அட்டவணைதான். மனித இன்சுலின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து இன்சுலின் தயாரிக்க முடிவது இதனால்தான். அந்த இன்சுலின் 1982-லேயே மருந்தாக அனுமதி பெற்றது.

சரி, அதிகம் குழப்பும் இடத்துக்கு வருவோம்: ஓங்கு, ஒடுங்கு. ஓங்கு என்றவுடன் வலுவானது, பரவலானது என்று நினைத்துவிடுகிறோம். மூளை நரம்பணுக்களைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோயின் அல்லீல் ஓங்கு தன்மை உடையது, ஆனால் நோய் அரிது. ஓ ரத்த வகை ஒடுங்கு தன்மை, ஆனால் உலகில் மிக அதிகம் பேருக்கு இருப்பது அதுதான். பொதுவாக ஒரு மரபணு நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஓர் அல்லீல் அவற்றில் ஒன்றில் மட்டும் இருந்தாலே பண்பு வெளிப்படுமா (ஓங்கு), இரண்டிலும் இருக்க வேண்டுமா (ஒடுங்கு) என்பதை மட்டுமே இந்தச் சொற்கள் சொல்கின்றன. அதுவும் எந்தப் பண்பைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். அரிவாள் செல் ரத்தசோகை வர மாறிய அல்லீல்கள் இரண்டு தேவை. கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்க ஒன்றே போதும். மலேரியா இருந்த பகுதிகளில் இந்த அல்லீல் மறையாமல் நிலைத்ததற்கு அதுவே காரணம். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பது 1952-லேயே பதிவானது.

இப்படி மாறிய அல்லீல் ஒன்று மட்டும் உள்ளவர் கடத்தி. அவரை நோயாளி என்று முத்திரை குத்துவது பெரிய அநியாயம். அவர் பொதுவாக ஆரோக்கியமாகவே வாழ்வார். கடத்தி நிலை பிற்காலத்தில் நோயாக மாறாது. கவனிக்க வேண்டியது இரண்டு கடத்திகள் மணக்கும்போதுதான். சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே அல்லீலைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். அப்போது 25 சதவீதம் என்று மருத்துவர் சொல்வதை, "நாலு பிள்ளையில் ஒன்றுக்கு வரும், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி பயமில்லை" என்று புரிந்துகொள்கிறார்கள். இந்தத் தவறின் விலை ஒரு குழந்தையின் வலி. ஒவ்வொரு கருவுக்கும் அந்த 25 சதவீதம் புதிதாகவே பொருந்தும். முதல் குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பது இரண்டாவதை மாற்றாது.

மரபணு சார்ந்தது, பரம்பரையானது, பிறவியிலேயே வந்தது ஆகிய மூன்றும் வேறு வேறு. புற்றுநோய் டிஎன்ஏ மாற்றங்களால் வருகிறது, ஆனால் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து வந்தவை அல்ல. கர்ப்ப காலத்தில் ரூபெல்லா என்னும் வைரஸ் தாக்கினால் குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேளாமல் போகலாம், அதில் பரம்பரை எதுவும் இல்லை. ஹன்டிங்டன் பரம்பரை நோய், ஆனால் பெரும்பாலும் நடுவயதில்தான் தலைகாட்டும். "உங்கள் வம்சத்தில் இருக்கிறதா?" என்று ஒரு தாயைக் குடைவதற்கு முன் இந்த வேறுபாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், மாணவர்கள் தேர்வில் மாற்றி எழுதும் மூன்று: டிஎன்ஏவிலிருந்து டிஎன்ஏ வருவது இரட்டிப்பாதல், டிஎன்ஏவிலிருந்து அதன் குறிப்பின் நகலான ஆர்என்ஏ வருவது படியெடுத்தல், ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் கட்டுவது மொழிபெயர்த்தல். எம்ஆர்என்ஏ தடுப்பூசி டிஎன்ஏவை மாற்றிவிடும் என்ற அச்சம் இந்த வரிசை தெரியாததால் வளர்ந்தது. அந்தத் தடுப்பூசியின் ஆர்என்ஏ மூன்றாவது வேலைக்கு மட்டுமே பயன்படுகிறது. டிஎன்ஏ இருக்கும் உட்கருவுக்கு வெளியே, செல்லின் சைட்டோபிளாசத்தில் புரதமாக வாசிக்கப்பட்டு, சீக்கிரமே சிதைந்துவிடுகிறது.