செட்டிநாட்டு வீட்டை உள்ளே போய்ப் பார்க்க

காரைக்குடிப் பக்கம் தெருவுக்குத் தெரு அரண்மனைதானே, ஏதாவது ஒன்றில் நுழைந்து பார்த்துவிடலாம் என்று நம்பி வராதீர்கள். பெரும்பாலான வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. எல்லாம் பங்காளிகளின் பொதுச்சொத்து. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) என்றால்தான் கதவு திறக்கும். கானாடுகாத்தான் ராஜா அரண்மனையும் காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் பெரும்பாலும் வெளியே நின்று படம் எடுப்பதோடு சரி. டிக்கெட் வாங்கி நிதானமாகப் பார்க்க ஆத்தங்குடிப் பெரிய வீடுதான் தோது. சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பிலிருந்து வருபவர்கள் நேராகத் திருச்சியில் இறங்கலாம். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். சென்னை என்றால் எழும்பூரில் பிற்பகல் பல்லவன் ரயிலில் ஏறினால் இரவு காரைக்குடி. மார்கழி, தை மாதங்கள் உத்தமம். சித்திரை வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது.

உள்ளே போனதும் எல்லாரும் முகப்பின் வண்ணக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறார்கள். அது விருந்தாளிக்காகச் செய்தது. எனக்குப் பிடித்தது அதைத் தாண்டி வரும் வளவு. வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள். கல்யாணமான மகனை 'வேறு வைத்து' ஆளுக்கொரு அறை கொடுப்பார்கள். தம்பதி ஒரு 'புள்ளி', அவர்களுக்குத் தனி அடுப்பு. அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே கூரையின் கீழ், உலை மட்டும் தனித்தனி! இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்குக் கொடுத்து வாங்கிய பணம் தேக்குத் தூணாகவும் இத்தாலிப் பளிங்காகவும் இங்கே வந்து நின்றது. அக்கரையில் இருப்பவர்கள் கட்டிய வீடு என்பதால், வெளிநாட்டில் வாழும் நமக்கு இது கூடுதலாகவே புரியும்.

சுவரைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்றிருக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சு அது. செருப்பை வாசலில் விட வேண்டும். படிகள் உயரம், முழங்கால் வலி உள்ள அப்பத்தாவுக்குக் கைத்தாங்கலாக ஆள் வேண்டும். சாத்தியிருக்கும் அறையைத் திறக்காதீர்கள், "அண்ணே, பார்க்கலாமா?" என்று காவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆத்தங்குடி ஊருக்குள்ளேயே பூக்கல் (தரையில் பதிக்கும் வண்ணக் கல்) பட்டறைகள் இருக்கின்றன. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறார்கள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவதோடு சரி. அந்தப் பளபளப்பு கண்ணாடி தந்தது. ஒன்றிரண்டு கல் வாங்கலாம், ஆனால் எடை பெட்டியைத் தின்றுவிடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். எனாமல் பாத்திரம், மரப்பெட்டி, பழைய போட்டோ எல்லாம் கிடைக்கும். கடைக்காரர் "நூறு வருஷத்துப் பொருள்" என்று பெருமையாகச் சொன்னால் உஷாராகுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடம் கடந்த கலைப்பொருளையும் 75 வருடம் கடந்த அரிய ஓலைச்சுவடியையும் தனியார் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. பழையதுபோலத் தெரியும் எதற்கும் பில் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையில் 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்கிய பிறகு விமானம் ஏறுங்கள்.